மேகஸ்தர்

மேகஸ்தர் என்றொரு இனம் நம்மிடையே பெருகிவருகிறது. ஃபைல், டைரி, பீரோ, சாவி என்று கையில் பிடிக்கக்கூடிய எதைக் கண்டாலும் இவர்களுக்கு ஒவ்வாமை. அத்தனையையும் கிளவுட் என்னும் இணைய மேகத்தில் ஏற்றிவிட்டு வெறுங்கையை வீசி நடப்பார்கள். எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், "மேல இருக்கு" என்பார்கள். மேலே என்றால்? அது அவர்களுக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்த மேகஸ்தர் ஒரு பல் டாக்டரின் மச்சான்; கிளினிக்கின் நிர்வாகி. வந்த ஆறே மாதத்தில் நோயாளிகளின் கார்டுகளைக் கிழித்து, எக்ஸ்ரே பிலிம்களை எடைக்குப் போட்டு, டாக்டரின் குறடு ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரே கம்பெனியின் கிளவுடில் ஏற்றிவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பஸ் டிரைவர் ஒருவர் மனைவியோடு வந்து, நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். கடைவாயில் அடுத்தடுத்து இரண்டு பற்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல. ஒன்றின் வேர் மட்டும் அழுகியிருந்தது. எது என்பது போன வாரம் எடுத்த எக்ஸ்ரேக்குத்தான் தெரியும். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டார், குறடை எடுத்தார், திரையைப் பார்த்தார். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"மச்சான், எக்ஸ்ரே எங்க?"

"மேல இருக்கு மாமா. சர்வர் விழுந்துடுச்சாம். அஞ்சே நிமிஷம்."

"மேல இருந்தது எப்படிங்க விழுந்துச்சு?" என்றார் டிரைவரின் மனைவி.

"சரி, புதுசா ஒண்ணு எடுத்துடறேன்" என்றார் டாக்டர்.

"அந்த மெஷினும் மேல கேட்டுட்டுதான் வேலை செய்யும் மாமா."

மேகஸ்தர் கம்பெனிக்கு போன் போட்டார். எதிர்க்கடை, பக்கத்துப் பள்ளிக்கூடம், பஸ் டெப்போ எல்லாமே அதே கம்பெனியை நம்பியிருந்ததால், ஊரே அந்த வரிசையில் நின்றது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று ஒரு குரல் நாற்பது நிமிடம் உருகியது.

டாக்டர் ஒரு பல்லைத் தட்டினார். "வலிக்குதா?"

"இழ்ழ."

மற்றதைத் தட்டினார். "இது?"

"இழ்ழ டாக்டழ். ஊழி நழ்ழா வேழை ழெய்யுது."

"ஏதாவது ஒண்ணைப் புடுங்கிப் பாக்கலாமா மாமா?" என்றார் மேகஸ்தர், மெதுவாகத்தான்.

டிரைவர் வாயை மூடிக்கொண்டார். யார் கெஞ்சியும் திறக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, மரத்தது விட்டபின், மனைவி அதட்டித்தான் திறந்தது. டாக்டர் மறுபடி தட்டினார். டிரைவர் போட்ட கூச்சலில், வெளியே காத்திருந்த மூன்று பேர் பல்வலி தானாகவே குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள். இன்னொரு ஊசி, ஓர் இழுப்பு. சரியான பல்தான் வந்தது.

மேகஸ்தர் திருந்தினாரா? மறுநாளே வந்து சொன்னார்: "புத்தி வந்துடுச்சு மாமா. இதைவிடப் பெரிய கம்பெனிக்கு எல்லாத்தையும் மாத்திட்டேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் எங்கே இருக்கின்றன? போனிலா? போனில் தெரிகின்றன, சரி. இருப்பது எங்கே? எந்த ஊரில், யார் கட்டடத்தில்?

போகட்டும், பாஸ்வேர்டாவது ஞாபகம் இருக்கிறதா?