திட்டு வாங்காத பத்தொன்பது நாட்கள்

மரியாதைக்குரிய மச்சானுக்கு வணக்கம்.

நீங்கள் எனக்குச் செய்தது துரோகம். போன முறை வந்தபோது உங்கள் தங்கையின் கைபேசியில் அந்தப் பேசும் செயற்கை அறிவை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து பத்தொன்பது நாட்களாக அவள் என்னிடம் சண்டை போடவில்லை. மற்றபடி இங்கே எல்லோரும் சுகம்.

நாற்பத்தொரு வருடக் குடும்பம் எங்களுடையது. பட்டறையை மூடிவிட்டு வந்து நான் கை கழுவும்போது அவள் ஆரம்பிப்பாள், சாப்பிட்டு எழும்போது நான் முடிப்பேன். எங்களுக்குள் பேச்சு என்று இருந்ததே அதுதான். சமையலறைக் குழாயை நான் தப்பாகத் திருப்பி மாட்டியதை வைத்தே பதினொரு வருடம் ஓட்டியிருக்கிறோம். இப்போது நான் வருவதற்குள் எல்லாவற்றையும் அதனிடம் கொட்டித் தீர்த்துவிடுகிறாள். எனக்கென்று மிச்சம் வைப்பதில்லை. வழியில் யோசித்து வைத்த பதில்களோடு சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறேன். கரண்டிச் சத்தம் தவிர வீட்டில் ஒன்றுமில்லை. பொறுக்க முடியாமல் நேற்று ஈரத் துண்டை மெத்தைமேல் போட்டேன். கிரீஸ் கையால் அவள் தலையணை உறையைத் தொட்டேன். "பரவாயில்லைங்க, உங்க சூழ்நிலை எனக்குப் புரியுது"ன்னு சொல்லிட்டுப் போறா, மச்சான். என் சூழ்நிலை இவளுக்கு எப்போ புரிஞ்சிருக்கு? எனக்கே புரிஞ்சதில்ல.

யாரிடமும் படிக்காமல், பிரித்துப் பார்த்தே மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டக் கற்றவன் நான். இதைப் பிரிக்க ஒரு திருகாணிகூட இல்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் அதனிடமே கேட்டேன். "நான் அவ வீட்டுக்காரன் பேசறேன். என்னைப் பத்தி என்ன சொல்றா?" "அது அவருடைய தனிப்பட்ட விஷயம். நீங்கள் தனிமையாக உணர்கிறீர்களா?" என்றது. "உன் வேலையப் பாரு" என்றேன். மன்னிப்புக் கேட்டது. சண்டைக்கு லாயக்கில்லாத சாமான்.

ஆகவே உடனே வந்து அதை எடுத்துவிடவும். உங்கள் வீட்டு அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி, வாய் ஓயாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையில் வைக்கும் முன் இதை அவள் வாங்கிப் படித்துவிட்டாள். கிழிப்பாள் என்று காத்திருந்தேன். "மனசுல இருக்கறத நல்லா வெளிப்படுத்தியிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். அதனால் மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். அதை எடுத்துப் பயனில்லை, அவளுக்குள் இறங்கிவிட்டது. ஆனாலும் அக்காவோடு கட்டாயம் வாருங்கள். நீங்கள் வந்ததும் அவள் சமையலைக் குறை சொல்ல வேண்டும். அக்கா அதற்குத் தலையாட்ட வேண்டும். நான் அவளுக்குப் பரிந்து பேச வேண்டும். "எங்க அண்ணன் சொன்னா உங்களுக்கென்ன வந்துச்சு" என்று அவள் என்மேல் பாய வேண்டும்.