முதலிபாளையத்தில் அடிமைத்தனம் ஒழிந்த கதை

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் ஒரு திங்கட்கிழமை முதல் நவீன அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டது. ஒழிக்கும் பொறுப்பு எச்.ஆர். மேனேஜர் மகுடேஸ்வரனுக்கு வந்தது. கேன்டீன், கொசு மருந்து, ஆயுத பூஜை ஆகியவற்றை ஏற்கெனவே கவனித்து வந்தவர் என்பதால் இது ஒரு பாரமாக அவருக்குத் தோன்றவில்லை.

சரக்கு வாங்கும் லண்டன் கம்பெனி தன் கொள்கையைத் தடியான புத்தகமாக அனுப்பியிருந்தது. முதலாளி சாமியப்பன் அதைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"என்னதான் சொல்றாங்க?"

"நம்ம கம்பெனி ஹாஸ்டல் புள்ளைங்க நெனச்சப்ப வெளிய போகோணுமாமுங்க. கேட்டைப் பூட்டக் கூடாதாமுங்க."

"பூட்ட வேண்டாம். சாத்தி வெச்சு, குறுக்க வாட்ச்மேன் மாரப்பனை உக்கார வெச்சுருங்க."

கொள்கை அவ்வாறே அமலுக்கு வந்தது. 'நீங்கள் சுதந்திரமானவர்' என்ற போர்டு கேட்டின் உட்பக்கம் மாட்டப்பட்டது. 'அனுமதியின்றி வெளியே செல்லக் கூடாது' என்ற பழைய போர்டைக் கழற்ற ஸ்பேனர் கிடைக்கவில்லை. அதுவும் பக்கத்திலேயே இருந்தது.

வியாழக்கிழமை பூங்குழலி வந்து நின்றாள். மடத்துக்குளத்துப் பெண், ஓவர்லாக் டெய்லர், ஹாஸ்டல்வாசி.

"சார், ஞாயித்துக்கெழம அக்கா கொழந்தைக்குக் காதுகுத்துங்க. போயிட்டு வந்தர்றனுங்க."

மகுடேஸ்வரனுக்கு மனசு இளகத்தான் செய்தது. அவருக்கும் மகள் இருந்தாள்.

"அன்னைக்குத்தான் கண்ணு இதையெல்லாம் பாக்க லண்டன்காரங்க ஆடிட்டர் வர்றாரு. வெளிய போக முடியுதான்னு கேப்பாரு. முடியும்னு சொல்றதுக்கு உன்ற பேரத்தான் குடுத்திருக்கறன்."

"அப்பப் போலாங்களா சார்?"

"போலாம்னு சொல்லோணும். அதுக்கு நீ இங்க இருக்கோணுமல்லொ?"

பூங்குழலி யோசித்தாள். "நான் போயிட்டா, போலாம்னு சொல்ல ஆளிருக்காதுங்க."

"அதேதான் கண்ணு," என்றார் அவர். புத்திசாலிப் பெண் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமையும் மெஷின்கள் ஓடின. மறுநாள் காலை கண்டெய்னர் ஏற வேண்டும். ஆடிட்டர் முகிலன் வந்தார். பூங்குழலி பட்டுப் புடவையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஆடிட்டுக்காக உடுத்திய மரியாதை என்று மகுடேஸ்வரன் மகிழ்ந்தார்.

"விருப்பப்பட்டா வெளியே போகலாமாம்மா?"

"போலாமுங்க."

"கடைசியா எப்பப் போனீங்க?"

இந்தக் கேள்விக்கு ஒத்திகை நடக்கவில்லை. மகுடேஸ்வரன் இருமினார்.

"இப்பத்தானுங்க போறன்," என்றாள் பூங்குழலி. மெஷினை நிறுத்தி, பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மாரப்பன் எழுந்து மகுடேஸ்வரனைப் பார்த்தார். மகுடேஸ்வரன் ஆடிட்டரைப் பார்த்தார். ஆடிட்டரின் பேனா தாளுக்கு மேலே காத்திருந்தது.

"தெறந்து விடு மாரப்பா."

தன் குரல்தானா என்று மகுடேஸ்வரனுக்கே சந்தேகம் வந்தது. நன்றாகத்தான் இருந்தது அது. பக்கத்து மெஷின் பெண்ணும் எழுந்தாள். பிறகு அந்த வரிசை. பிறகு செக்கிங் பெண்கள். பீகார்ப் பையன்கள் லீவா என்ற அர்த்தத்தில் "சுட்டியா?" என்று இந்தியில் ஒருவரையொருவர் கேட்டபடி ஓடினார்கள். கடைசியில் ஃபேன்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

இப்படி ஒரு கம்பெனியைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று ஆடிட்டர் கைகுலுக்கினார். 'மிகச் சிறப்பு' என்று ரிப்போர்ட்டை அங்கிருந்தே அனுப்பினார்.

லண்டன்காரர்களின் திருப்பூர் ஆபீசிலிருந்து அனுப்ரியா கூப்பிட்டாள். "சார், ரிப்போர்ட் பாத்து லண்டன்ல எல்லாருக்கும் சந்தோஷமுங்க. சரக்கு காலைல ஏறிருமில்லைங்களா?"

"தைக்க ஆளில்லீங்க. எல்லாரும் சுதந்திரமா வெளிய போயிட்டாங்க."

அனுப்ரியா புத்தகத்தைப் புரட்டுவது போனில் கேட்டது.

"போலாம்ங்கறதுதானுங்க சார் பாலிசி. போகோணும்னு அதுல எங்கீங்க இருக்குது?"

பூங்குழலி மடத்துக்குளத்தில் பந்திக்குப் போய்ச் சேர்ந்தபோது, சாமியப்பன் கேட்டை உள்பக்கமாகப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். மகுடேஸ்வரன், அக்கவுண்டன்ட், மாரப்பன் எல்லோரும் மெஷினில் உட்கார்ந்தார்கள். டீயை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றிருந்த ஆடிட்டரும் உள்ளே மாட்டிக்கொண்டார்.

"இன்னும் மூணு கம்பெனி பாக்கணும் சார். நான் போகலாமில்ல?"

"தாராளமாப் போலாமுங்க," என்று சாமியப்பன் மரியாதையாக நாற்காலி போட்டு, பிசிர் வெட்டக் கத்தரியைக் கையில் கொடுத்தார். "கண்டெய்னர் ஏறுனதும்."

ஆடிட்டர் வெட்டத் தொடங்கினார். பனியன்களின் மார்பில் 'நான் யாருக்கும் அடிமையில்லை' என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அளவு சரிதானா என்று மகுடேஸ்வரன் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். கழுத்து கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது.

"ஸ்டைலுங்க," என்றார் அக்கவுண்டன்ட். "இப்ப எல்லாரும் இப்படித்தானுங்க போடறாங்க."