குளியலறைக் கதவும் நான் வென்ற வலைத்தளமும்

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். உங்கள் அக்காவும் பூட்டிய கதவுக்குள்ளிருந்து மீண்டு சுகமாக இருக்கிறாள். போன மாதம் எல்லார் முன்னாலும், “அத்தானுக்குப் போன்ல பேச மட்டும்தான் தெரியும்” என்று சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான், வெற்றி என்றால் எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்று காலை உங்கள் அக்கா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் குளிக்கப் போனாள். கதவு சிக்கிக்கொண்டது. கைப்பிடி சுற்றுகிறது, கதவு அசைவேனா என்கிறது. கிளினிக் சாவி இவளிடம். இவள் போகாவிட்டால் டாக்டரே தெருவில்தான் நிற்க வேண்டும். “பூட்டுக்காரரைக் கூப்பிடுங்க!” என்று கத்தினாள். “வெளியாள் எதுக்கு? நான் இருக்கேன்ல?” என்று போனை எடுத்தேன்.

சிக்கிய கதவைத் திறப்பது எப்படி என்று தேடியதும் ஒரு வலைத்தளம் வந்தது. முதல் வரியைப் படிப்பதற்குள் ஒரு பெட்டி வந்து மறைத்தது: குக்கீகளுக்குச் சம்மதமா? படிக்காமல் எதற்கும் சம்மதிக்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். நிபந்தனை முழுவதையும் படித்தேன். ‘எங்கள் கூட்டாளிகள்’ என்கிறான். யார், தகப்பன் பெயர் என்ன, விலாசம் எங்கே, ஒன்றும் கிடையாது. “என்னங்க பண்றீங்க?” “ஷரத்து படிக்கிறேன், பொறு!” உள்ளே வாளி உருண்டது.

சம்மதமில்லை என்றால், புதுச் செய்தி அனுப்பவா என்று அடுத்த பெட்டி. அதை விரட்டினால் மூலையில் ஒரு பெண் படம், நான் உதவட்டுமா என்கிறது. ஆஹா என்று நடந்ததையெல்லாம் விவரமாக எழுதினேன். உங்கள் கேள்வி புரியவில்லை என்றாள். மூடுகிற குறியோ கடுகளவு. அதைக் குறிபார்த்து அமுக்கினா பக்கம் ஒரு குதி குதிச்சு, விரல் விளம்பரத்துல பட்டு, மெத்தைக் கடைக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா வீடியோ தானா ஓடுது, வீடே அதிர்ற மாதிரி பாட்டு. “நான் இங்க மாட்டிக்கிட்டுத் தவிக்கிறேன், உங்களுக்குப் பாட்டு கேக்குதா?”ங்கறா உங்க அக்கா. பழி என்மேல!

கடைசியில என்ன கேட்டான் தெரியுமா? நீ மனுஷன்தான்னு நிரூபிங்கறான். போக்குவரத்து விளக்கு இருக்கிற படத்தையெல்லாம் தொடணுமாம். “கம்பமும் சேருமா?”ன்னு வாய்விட்டுக் கேட்டேன். “சேராதுங்க”ன்னு காதுக்குள்ள சொன்ன மாதிரி பதில் வந்துது. உள்ள இருந்துக்கிட்டு, படத்தைப் பார்க்காமலே சொல்றா பாருங்க உங்க அக்கா, என்ன மூளை!

திறந்தது பக்கம்! பூட்டின் வரலாறு, எழுதியவரின் இளமைப் பருவம் எல்லாம் தாண்டி, அடியில் ஒரே வரி: கைப்பிடியை அழுத்தியபடி கதவைத் தூக்கித் தள்ளவும். தட்டுகிற சத்தம் கேட்டது, ஓடினேன், தூக்கினேன், தள்ளினேன், திறந்தே விட்டது மாப்பிள்ளை! “நீங்க இல்லேன்னா என் கதி என்னங்க!” என்றாள் உங்கள் அக்கா. கல்யாணமான நாளிலிருந்து இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். இனி உங்கள் வீட்டில் எந்த வலைத்தளம் மக்கர் பண்ணினாலும் கூச்சப்படாமல் என்னைக் கேளுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
வெற்றிவாகை சூடிய உங்கள் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுறேன். தபால்ல போடச் சொல்லிக் கொடுத்தார், ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சேன். அந்தப் பாட்டு ஓடினப்போ வந்த கோபத்துல கதவை ஒரு இழு இழுத்தேன், திறந்துடுச்சு. சாவியைப் பக்கத்து வீட்டு நர்ஸ் கையில கொடுத்தனுப்பிட்டு, அவர் முதுகுக்குப் பின்னாலயே வந்து நின்னேன். மனுஷன் திரும்பலை. வேர்த்து விறுவிறுத்து, உதட்டைக் கடிச்சுக்கிட்டு, எனக்காக அந்தப் போனோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கார். வெளிய வந்துட்டேன்னு சொல்ல எனக்கு மனசே வரலைடா. மறுபடி உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுத் தட்டினேன். நாளைக்குப் போன் பண்ணி அத்தானை நல்லாப் பாராட்டு. சிரிச்சுத் தொலைச்சே, நடக்கிறதே வேற.