நண்பருக்காக ஒரு மனு

இந்த ஒரு விஷயம் மட்டும் மனைவியின் காதுக்குப் போகக் கூடாது என்று காலையில் பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டார் கட்டட கான்ட்ராக்டர்.

விஷயம் இதுதான். ஊர்க்கோடியில் கிடங்குகளுக்கென்று ஒதுக்கிய நிலம் ஒன்று. அதைக் குடியிருப்பு நிலமாக மாற்றித் தரச் சொல்லி நகராட்சிக்கு நடையாய் நடந்து, மூன்று ஜோடி செருப்பைத் தேய்த்து, உத்தரவு வாங்கினார். இரண்டு வருடத்தில் ஆறு வீடு கட்டி முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. முடிக்காவிட்டால் நிலம் மறுபடி கிடங்காகிவிடும். கட்டிய வீடுகளில் மூட்டைகள்தான் குடியிருக்கலாம்.

கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள். முடிந்திருந்தது முனை வீடு ஒன்றுதான். மிச்சத்தில் நாலுக்குக் கதவு இல்லை. கதவு இருந்த ஒன்றுக்குக் கூரை இல்லை.

மனைவியிடம் "எல்லாம் முடிஞ்ச மாதிரிதான்" என்று சொல்லி வைத்திருந்தார். கடைசியாக முடியும் வீடு நமக்கு என்றும் சொல்லியிருந்தார். முடிந்த வீட்டை, வாங்க வருகிறவர்களுக்குக் காட்டும் மாதிரி வீடாகப் பூட்டி வைத்திருந்தார். அதில் ஈ உட்கார்ந்தாலும் அவருக்குப் பொறுக்காது.

இப்போது கால நீட்டிப்பு கேட்டு மனு எழுத வேண்டும். அவர் எழுத்தை அவராலேயே படிக்க முடியாது. மனைவியின் எழுத்தோ முத்து முத்தாக இருக்கும்.

"ஒரு நண்பருக்கு மனு எழுதணும். கிடங்கு நிலத்தைக் குடியிருப்பா மாத்தி வாங்கினவர், ரெண்டு வருஷத்துல ஆறு வீட்டுல ஒண்ணுதான் முடிச்சிருக்காரு. பாவம், அவருக்கு எழுத வராது," என்றார்.

"எந்த நண்பர்?"

"உனக்குத் தெரியாதவர்."

"இருபத்திரண்டு வருஷத்துல எனக்குத் தெரியாத நண்பரா? சரி, சொல்லுங்க. வீடு ஏன் முடியலையாம்?"

"மழை."

"ரெண்டு வருஷமாவா?"

"ஆசாரிக்குக் கால்ல அடி."

"ஆசாரி கதவைக் காலாலயா செய்யறாரு?"

"நண்பர் சொன்னதைத்தான் நான் சொல்றேன்," என்று பம்மினார். "ஒரு செங்கல் கோணினாலும் பிரிச்சுக் கட்டுவாரு. அவ்வளவு சுத்தம்."

"அதான் முடியலையா? நல்ல மனுஷன்தான்," என்று அதையும் எழுதிக்கொண்டாள். கான்ட்ராக்டருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"ஆனா இதுக்கெல்லாம் ஆபீசர் அசைய மாட்டாரு. குடியிருப்புன்னு மாத்திட்டு, குடியும் இல்ல, இருப்பும் இல்லையேன்னு கேப்பாரு. அவர் குடும்பம் எங்க இருக்கு?"

"வாடகை வீட்டுல."

"அப்ப முடிஞ்ச வீட்டுல பதினஞ்சு நாளுக்குள்ள அவங்களே குடிபோறதா எழுதிடறேன்."

மாதிரி வீடு கண் முன்னால் வந்து நின்றது. "அதுக்கு நண்பர் சம்மதிக்கணுமே," என்றார்.

"சொந்த வீட்டுல பொண்டாட்டியைக் குடிவைக்க ஒருத்தர் சம்மதிக்க மாட்டாரா? அப்படிப்பட்டவரா உங்க நண்பர்?"

நண்பரின் மானம் அவர் கையில் இருந்தது. "சேச்சே, தங்கமானவர்," என்றார்.

பெயருக்கு இடம் விட்டு எழுதிக் கொடுத்தாள். அவர் மாடிப்படி மறைவில் நின்று பெயரை நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தார். அடித்தல் திருத்தல் இருந்தால் மனு செல்லாது.

நகராட்சியில் அதிகாரி மழையைப் படித்தார், முகத்தைச் சுளித்தார். ஆசாரியின் காலைப் படித்தார், இன்னும் சுளித்தார். குடிபோகிற வரியில் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒன்றரை வருஷம் தரேன். ஆனா நீங்க எழுதினதையே நிபந்தனையா போட்டுட்டேன். பதினஞ்சாம் நாள் நானே வந்து பாப்பேன். அடுப்பு எரியணும்."

நிலம் பிழைத்தது. மாதிரி வீடு போயிற்று. அரைச் சந்தோஷமும் அரைத் துக்கமுமாக வீடு திரும்பினார். வாசலை அடைத்துக்கொண்டு அட்டைப் பெட்டிகள் நின்றன. மனைவி ஒன்றைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீட்டிப்பு கிடைச்சுதா?"

"கிடைச்சுது. நண்பருக்கு."

"நல்லதாப் போச்சு. அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க," என்றாள். "அவர் பொண்டாட்டி பாத்திரமெல்லாம் கட்டி முடிச்சாச்சு."