சந்தேக நிவாரண அலுவலர்

கூடாரத் தையல்காரர் அன்று காலையில் மூன்றாவது முறையாக வந்து நின்றார்.

"சார், விருப்ப ஓய்வுன்னு போட்டிருக்கே, அது யாரோட விருப்பம்?"

சந்தேக நிவாரண அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். ராணுவச் சரக்குக் கிடங்கில் இப்படி ஒரு பதவி இருக்கிறது என்பதே போன மாதம் வரை அவருக்குத் தெரியாது. அதுவரை அவர் பூட்ஸ் பிரிவில் குமாஸ்தா. எந்தப் படைக்கு எந்த அளவு என்பதெல்லாம் அத்துப்படி. பூட்ஸ் கணக்கை இனிமேல் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று மேலிடம் முடிவு செய்ததும், ஆட்குறைப்பில் உருளவேண்டிய முதல் தலை அவருடையதாகத்தான் இருந்தது. கிடங்குக்குத் தலைவரான மேஜர் கொஞ்சம் மனம் இளகி, இந்த நாற்காலியில் தற்காலிகமாக உட்காரவைத்தார். சீருடை போடாத சிவிலியன் ஊழியர்கள் பயிற்சி, விருப்ப ஓய்வு, ஆட்குறைப்பு பற்றி எதைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"இங்கே ஒரு கேள்விகூட எழாம பண்ணிடுங்க. அப்புறம் உங்க வேலையைப் பத்திப் பேசுவோம்" என்றார் மேஜர்.

பேசுவோம் என்றால் நிரந்தரமாக்குவோம் என்று இவர் எடுத்துக்கொண்டார். மகள் கல்லூரியில் கடைசி வருஷம். அவள் படிப்பு முடிகிற வரைக்குமாவது சம்பளம் வந்தாக வேண்டும். அந்தப் பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"விருப்பம் உங்களோடதுதான்" என்றார் தையல்காரரிடம்.

"எனக்கு விருப்பம் இல்லைன்னா?"

"அப்ப ஆட்குறைப்பு."

தையல்காரர் யோசித்தார். "அதுவும் என் விருப்பம்தானா?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டதால், தலைமையகம் அனுப்பிய பதில்களை வாசலில் ஒரு பலகையில் ஒட்டினார். தலைமையகம் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட்டால் அதற்குமேல் யாரும் புதிதாகக் குழம்ப வேண்டியதில்லை. குழப்பத்தை அவர்களே முழுசாக முடித்து அனுப்பிவிடுவார்கள். பயிற்சிக்குப் போகிறவர்களை வேலையை விட்டு எடுக்க மாட்டோம் என்றது ஒரு பதில். வேலையை விட்டு எடுக்கப்படுகிறவர்களுக்கு மட்டுமே பயிற்சி என்றது அதற்கு அடுத்த பதில். மத்தியானத்துக்குள் வரிசை கேன்டீன் வரை நீண்டுவிட்டது. எல்லாரும் பலகையைப் பற்றிக் கேட்க வந்தவர்கள்.

சரி, எல்லாரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று கூட்டம் போட்டார். நன்றாகவே பேசினார். கூட்டமும் கப்சிப் என்று கேட்டது. அத்தோடு இறங்கி வந்திருக்கலாம். பழக்கதோஷத்தில், "வேற ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்டுத் தொலைத்தார். அன்று அவர் வீடு போய்ச் சேர இருட்டிவிட்டது.

விஷயம் தலைமையகத்துக்கு எட்டி, அவரையே ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொன்னால் கேட்பவர் தானாக ஓய்ந்துவிடுவார் என்று அங்கே கோட்டு போட்ட ஒருவர் கற்றுக்கொடுத்தார். மறுநாள் பார்சல் கட்டுகிறவர் வந்து, புதுப் பயிற்சி எத்தனை நாள் நடக்கும் என்று கேட்டார். நீங்கள் எத்தனை நாள் என்று நினைக்கிறீர்கள் என்றார் இவர். இதுவரை பார்சல்காரரிடம் யாரும் அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டதே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பயிற்சியில் ஆரம்பித்து, தன் கல்யாணம் வரை நினைப்பதை எல்லாம் சொன்னார். இங்கே நினைப்பதைச் சொல்லலாமாமே என்று அடுத்த பிரிவிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. நாளைக்கு எந்தச் சட்டையை எடுத்து வைக்கட்டும் என்று மனைவி கேட்டதற்கு, அது பரிசீலனையில் இருக்கிறது என்றார்.

"இப்படியே பேசிட்டிருங்க, ஒரு நாள் நானே உங்களுக்கு விருப்ப ஓய்வு குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஒரு வழியாகத் தலைமையகம் கடைசி ஆணையை அனுப்பியது. விலகுகிறவர்கள் யார், பயிற்சிக்குப் போகிறவர்கள் யார், தங்குகிறவர்கள் யார், எல்லாம் பைசலாகிவிட்டது. தையல்காரரும் பார்சல்காரரும் சமையல்காரரும் லாரி டிரைவரும் தப்பித்துக்கொண்டார்கள். இனிமேல் கேட்க என்ன இருக்கிறது என்று அலுவலர் சாய்ந்து உட்கார்ந்தார்.

அதற்கப்புறம்தான் கேள்விகள் வேறு தினுசாக வர ஆரம்பித்தன.

கிடங்கில் எலி பிடிக்கிற பூனை ராணுவமா, சிவிலியனா, அதற்கும் ஆட்குறைப்பு உண்டா என்று சமையல்காரர் கேட்டார். ஓய்வு வாங்கிப் போனவர் கனவில் வேலைக்கு வந்தால் அதைப் பணி நாளாக எடுத்துக்கொள்வார்களா என்று தையல்காரர் கேட்டார். இடதுகைக்காரர்களுக்கான பயிற்சியைக் கடைசி நாளிலிருந்து ஆரம்பிப்பார்களா என்பது லாரி டிரைவரின் சந்தேகம். கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தில் ஒரு பதற்றம் இருந்தது. கேட்டு முடித்ததும், இதைப் பதிவு செய்துகொண்டீர்களா என்று மறக்காமல் விசாரித்துவிட்டுத்தான் போனார்கள்.

விதிப்படி ஒவ்வொன்றையும் பதிவு செய்து தலைமையகத்துக்கு அனுப்பினார். பூனை விஷயத்துக்கு அங்கே ஒரு துணைக்குழு போட்டார்கள்.

கடைசியில் ஒரு நாள், பூனைக்குட்டிகளுக்கு வாரிசு அடிப்படையில் வேலை உண்டா என்று சமையல்காரர் வந்து நின்றபோது, அலுவலரால் தாங்க முடியவில்லை. எல்லாரையும் கேன்டீனுக்கு வரச்சொன்னார்.

"உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இனிமே யாரும் எதுவும் கேட்காதீங்க. கேள்வி நின்னாத்தான் என் வேலை நிலைக்கும். என் பொண்ணு இன்னும் படிப்பை முடிக்கலை."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. தையல்காரர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பார்சல்காரர் அவர் காலை மிதித்தார்.

"வேலை நிலைக்கும்னு யார் சொன்னது சார்?" என்று கேட்டார் சமையல்காரர்.

"மேஜரே சொன்னார்."

"அவரே சொன்னாரா? அப்ப சரிங்க" என்று சமையல்காரர் எழுந்தார். மற்றவர்களும் தலையைச் சொறிந்தபடி கலைந்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் அறைப் பக்கம் ஈ, காக்கைகூட வரவில்லை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் வயிறாரச் சாப்பிட்டார். மனைவியிடம் நீலச் சட்டையை எடுத்து வைக்கச் சொன்னார். அதைப் போட்டுக்கொண்டு மேஜரிடம் போய், கிடங்கில் இனி ஒரு கேள்வியும் இல்லை என்று சொன்னார்.

மேஜர் எழுந்து நின்று கைகுலுக்கினார். பூட்ஸ் குமாஸ்தாவுக்காக ஒரு மேஜர் எழுந்து நிற்பது சாதாரண விஷயமா? தலைமையகத்துக்கு இப்போதே தகவல் சொல்லிவிடுவதாகவும், அதுவரை வெளியே காத்திருந்தால் கூப்பிடுவதாகவும் சொல்லி போனை எடுத்தார்.

அறை வாசலில் காவல்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒரு வாரம் லீவில் போயிருந்தவர் அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

"என்ன சார், முகமெல்லாம் பூரிச்சுக் கிடக்கு?"

"எல்லாரும் கேள்வியை நிறுத்திட்டாங்கப்பா. இனிமே ஒண்ணுமே இல்லைன்னு மேஜர்கிட்டயே சொல்லிட்டு வரேன்."

உள்ளே மேஜர் போனில் சிரிப்பது கேட்டது. காவல்காரருக்கு முகம் வெளுத்துப்போய்விட்டது.

"கேள்வி நின்ன அன்னிக்கே உங்களை வீட்டுக்கு அனுப்பிடலாம்னு அவர் போன்ல பேசினதை இந்தக் காதால கேட்டுட்டு வந்து நான் சொல்லித்தானே சார், உங்க பொண்ணு படிப்பு முடியற வரைக்கும் ஆளுக்கொரு நாள் கேள்வி கேட்கறதுன்னு எல்லாரும் முறை போட்டுக்கிட்டோம், இன்னிக்கு என் முறை, லீவு பூரா மண்டையை உடைச்சுக்கிட்டு ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேனே."