காய்ச்சலை ஒளித்து வைப்பவர்

நோயாளிகளில் ஒரு தனி இனம் உண்டு. அதற்கு 'எனக்கொன்றுமில்லையார்' என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் நோயைக் காட்டி மருந்து கேட்பார்கள். இவர் நோய்க்கு வேஷம் கட்டி உலவ விடுவார். இருமல் வந்தால் தொண்டையைச் செருமினேன் என்பார். உடம்பு நடுங்கினால் ஃபேன் சரியில்லை, கைகால் குடைந்தால் மெத்தை சரியில்லை, சாப்பாடு இறங்காவிட்டால் சமையல் சரியில்லை. மொத்தத்தில் உலகத்தில் எல்லாவற்றுக்கும் உடம்பு சரியில்லை. இவர் ஒருவர்தான் சௌக்கியம்.

வீட்டில் இருக்கும்வரை இவரால் பெரிய கெடுதல் இல்லை. நாடு நாடாக ஃப்ளூ காய்ச்சல் பரவிக்கொண்டிருக்கும் காலத்தில், ஆஸ்பத்திரி வார்டுக்கு நடுவே ஒரு கட்டிலில் இவர் படுத்திருந்தால்? அப்படி ஒருவரைச் சொல்கிறேன், கேளுங்கள். எட்டில் ஒரு பங்கு பொய் இருக்கும். எந்தப் பங்கு என்று தேட வேண்டாம்.

பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சுவர்க் கடிகாரம் அரை நிமிடம் தாமதம் என்று ஸ்டூலில் ஏறித் திருத்தப்போய், விழுந்து காலை உடைத்துக்கொண்டார். வார்டில் நான்கு நாள் மல்லாடி ஜன்னலோரக் கட்டிலைப் பிடித்தார். ஜன்னலுக்கு வெளியே பேருந்து நிறுத்தம். ஒவ்வொரு பேருந்தும் தாமதமாக வருவதைப் பார்த்துப் பார்த்துப் பூரிப்பதில் அவருக்குக் கால் வலிகூட மறந்துபோனது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையற்காரர். குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. அந்த நெஞ்சுக்கு ஃப்ளூ தொற்றினால் மூச்சுக்கே ஆபத்து என்று நர்ஸ் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தாள். காய்ச்சலும் இருமலும் யாருக்கு வந்தாலும் உடனே சொல்ல வேண்டும், மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதிப்பார்கள், மாத்திரையை முதல் இரண்டு நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும், ஆளை வராந்தாக் கடைசியிலுள்ள ஃப்ளூ வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். இவ்வளவையும் டைம்கீப்பர் கேட்டார். அவர் மனதில் நின்றது கடைசி வாக்கியம் மட்டும். ஃப்ளூ வார்டில் ஜன்னல் கூரைக்குப் பக்கத்தில் இருந்தது, பேருந்து தெரியாது!

அன்று மாலையே அவருக்குக் காய்ச்சல் அடித்தது.

மனிதர் அசந்தாரா? இருமலைத் தலையணைக்குள் இருமினார். இரவுக்குள் தலையணை இரண்டு பங்கு உப்பி, புதுப் பஞ்சு அடைத்தார்களோ என்று துப்புரவு அம்மா சந்தேகப்பட்டாள். வெளியே ஹாரன் அடிக்கும்வரை அடுத்த இருமலை அடக்கிவைத்தார். அடக்கியதில் காது இரண்டும் தனித்தனியாக ஆடின. முகக்கவசத்தைத் தாடைக்குத் தொட்டிலாகக் கட்டினார். "என்ன அண்ணே, கண்ணு செவந்திருக்கு?" என்று தையற்காரர் கேட்டதற்கு, பேருந்துப் புகை என்றார்.

தெர்மாமீட்டர்தான் பாக்கி. நர்ஸ் காலையில் இடது கக்கத்தில் வைப்பாள். அதனால் அவள் வருவதற்கு முன்பே, மனைவி வாங்கி வந்த குளிர்ந்த ஜூஸ் பாட்டிலைப் போர்வைக்குள் இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எவ்வளவு நேரம் வைப்பது என்ற கணக்கில்தான் கோட்டை விட்டார். வாழ்நாள் முழுக்க நேரம் பார்த்தவர்!

தெர்மாமீட்டர் தொண்ணூற்று மூன்று காட்டியது.

நர்ஸ் எண்ணைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், டாக்டரம்மாவைக் கூட்டிவர ஓடினாள். இந்தச் சூட்டில் இருப்பவர்களைப் பனிமலையிலிருந்துதான் இறக்கிக் கொண்டுவருவார்களாம். ஐந்து நிமிடத்தில் ஆறு கம்பளி வந்தது. வெந்நீர்ப் பைகள் வந்தன. ஜன்னலைச் சாத்தினார்கள். ஏற்கெனவே உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்த மனிதரைப் பொட்டலமாகக் கட்டி மேலும் வேகவைத்தார்கள். வியர்வை கட்டிலிலிருந்து சொட்டி, வாளி வைக்க வேண்டியதாயிற்று. அப்போதும் வாயைத் திறந்தாரா? "இப்ப இதமா இருக்கு சிஸ்டர்" என்றார். மனைவி தலைமாட்டில் நின்று, நேற்றுவரை ஃபேன் போதாது என்று கத்தின மனுஷனுக்கு இதென்ன குளிர் என்று முணுமுணுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தையற்காரர் இருமினார். ஒரே ஒரு இருமல்.

டாக்டரம்மா திரும்பினார். "இவருக்குப் பக்கத்துல யாருக்காவது காய்ச்சல் இருந்துச்சா?"

நர்ஸ் குறிப்பேட்டைப் புரட்டினாள். "யாருக்குமே இல்ல மேடம். பக்கத்துல இவர்தான். தொண்ணூத்தி மூணு."

"அப்ப ஃப்ளூவா இருக்காது. தடுப்பு மாத்திரை வேண்டாம். நாளைக்கே ஆபரேஷனுக்கு எடுத்துக்கலாம்."

தையற்காரர் நிம்மதியாகத் தலையாட்டினார். கம்பளிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவருடைய நெஞ்சுக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. அது ஏறியது, இறங்கியது, மெல்ல விசிலடித்தது. வெளியே ஒரு பேருந்து வந்து நின்றது. அது தாமதமா என்று முதல் தடவையாக டைம்கீப்பர் பார்க்கவில்லை.

"டாக்டரம்மா, இந்தக் கை கொஞ்சம் லேட்டு. அந்தக் கையில வச்சுப் பாருங்க."

வலது கை நூற்று மூன்று காட்டியது. போர்வையை விலக்கியபோது பாட்டில் உருண்டு விழுந்தது. மனைவி அதை எடுத்துப் பார்த்தாள். "ஏங்க, உங்களுக்குன்னு எலுமிச்சை ஜூஸா பாத்து வாங்கிட்டு வந்தேன், இப்ப இதை யாரு குடிக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

மூக்கில் குச்சி விட்டார்கள்; சந்தேகமே இல்லாத ஃப்ளூ. முதல் மாத்திரையைக் கையோடு விழுங்கவைத்து, கட்டிலோடு உருட்டிக்கொண்டு போனார்கள். தையற்காரருக்கும் பரிசோதனை நடந்தது. அவர் இருமல் பழைய இழுப்புதான். இருந்தாலும் தடுப்பு மாத்திரை கொடுத்து, ஆபரேஷனைத் தள்ளிவைத்து, பத்து நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார்கள். காய்ச்சல் வரவில்லை. பதினோராம் நாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு நாள் பிந்திச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பொய்யாகக்கூடச் சொல்ல மாட்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன தடவை உங்களுக்கு உடம்பு சுட்டபோது, மறுநாள் போயே தீரவேண்டிய இடம் ஒன்று இருந்ததே, ஞாபகமிருக்கிறதா? தெர்மாமீட்டர் வைத்தீர்கள்: நூற்றொன்று. முகம் கழுவிவிட்டு வந்து வைத்தீர்கள்: நூற்றொன்று. அப்புறம், பேட்டரி போய்விட்டது என்று வீட்டில் சொல்லி, அதை டிராயருக்குள் போட்டு மூடிவிட்டுக் கிளம்பினீர்கள். கடைப்பக்கம் போனால் புது பேட்டரி எதுவும் வாங்கிவர வேண்டாம். நான் எடுத்துப் பார்த்தேன். பழையதே நன்றாக ஓடுகிறது.