மரங்கொத்தி கொத்தாத வரி

ஒரு காட்டில், அணையின் மதகுகளைத் திறந்து மூடும் வேலையைக்கூடக் கணினியிடம் விட்டுவிட்டார்கள். நிரல் எழுதியவன் நரி. அது ஓடுவதற்கு முன்பே வரிவரியாகத் தட்டிப் பார்த்து, எங்கே கோளாறு என்று சொல்வது மரங்கொத்தியின் உத்தியோகம். அவள் கூடும் அணைக்குக் கீழே மருத மரப் பொந்தில்தான் இருந்தது. உள்ளே இறகு முளைக்காத குஞ்சுகள். அதனால் கொஞ்சம் பலமாகவே தட்டுவாள்.

நரிக்கு மேக்ரோ என்றால் உயிர். ஒரே ஒரு சொல்லை எழுதி வைப்பான். நிரல் ஓடும்போது அது பத்து வரியாக விரியும். என்னவாக விரியும் என்பது ஓடுகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

'மணியடி' என்ற மேக்ரோவைப் பார்த்து, "உள்ளே என்ன இருக்குன்னே தெரியலையே!" என்று கத்தினாள் மரங்கொத்தி. ஓடவிட்டார்கள். மணி அடித்தது. 'விளக்கேற்று' என்பதற்கும் கத்தினாள். விளக்கு எரிந்தது. காடே சிரித்தது.

அடுத்து வந்தது 'மழைக்காவல்'.

"இது விரிஞ்சா என்ன ஆகும் தம்பி?"

"ஓடவிட்டாத் தெரிஞ்சுட்டுப் போகுது. முதலைக் காட்டுல இதேதான் ஓடுது அக்கா. இன்னைக்கு வரைக்கும் ஒரு புகார் கிடையாது."

"என் புள்ளைங்க கீழ இருக்குதுங்கடா."

"அதுக்குத்தானே காவல்னு பேரே வெச்சிருக்கேன்!"

சிங்கராஜா கொட்டாவி விட்டார். "திறப்பு விழாவுக்கு யானை மாலை கட்டிட்டான். மரங்கொத்தி தர்ற அறிக்கையில குறைன்னு ஒண்ணும் இருக்கக் கூடாது. என்ன செய்வீங்களோ!"

நரி வழி சொன்னான். வரியின் ஓரத்தில் 'இங்கே கொத்தாதே' என்று எழுதிவிட்டால் போதும். மரங்கொத்தி அதைத் தாண்டிப் போய்விடலாம். சட்டத்தில் இடமுண்டு. மறுபடியும் சிரிப்புக்கு ஆளாக அவளுக்குத் தெம்பில்லை. தன் அலகாலேயே எழுதினாள். அறிக்கை பளிச்சென்று வந்தது: குறை ஏதுமில்லை.

மழை வந்தது. மழைக்காவல் விரிந்தது. மழைக்காலத்தில் முதலைகள் எதை விரும்புமோ அதைச் செய்தது: எல்லா மதகுகளையும் திறந்துவிட்டது.

பொந்தில் தண்ணீர் ஏறுவதற்குள் அவளால் ஒரு குஞ்சைத்தான் தூக்க முடிந்தது.

விசாரணையில் நரி பணிவாகச் சொன்னான்: "நிரல் எழுதினபடியே ஓடிச்சு மகாராஜா. அறிக்கையைப் பாருங்க, அக்காவோட அலகுக் குறி இருக்கு."

அடுத்த அணையும் நரிக்கே கிடைத்தது. மரங்கொத்தி இனி மரத்தை மட்டும் கொத்த வேண்டும் என்று உத்தரவு. ஈரச் சிறகோடு திரும்பியவள், பழக்கதோஷத்தில் அணைச் சுவரைத் தட்டினாள். சுவருக்குள்ளே காலி. மறுபடியும் தட்டினாள். காலியேதான்.

யாரிடமும் சொல்லவில்லை. குஞ்சைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் பறந்துவிட்டாள்.

நீதி: ஓடவிட்டுப் பார்க்காமலே குறை சொல்பவர்களை நம்பாதீர். ஓடவிட்டதில் மூழ்கிப்போனவர்கள் எவரும் இதுவரை புகார் கொடுத்ததில்லை.